மாடியறை கிரிம்ஷா

வீடு மாறுகிற நாளில் கெட்டிலைக் கடைசியாகத்தான் லாரியில் ஏற்ற வேண்டும். இறக்கும்போது அதுதான் முதலில் இறங்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதை ஒரு பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெட்டியின் மேல் அலமாரியை ஏற்றிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை, பாருங்கள். என் சாமான்கள் எல்லாம் காலை பத்து மணிக்கே சவுத்போர்ட்டில் இருக்கும் என் தங்கை ஐவியிடம் போய்விட்டன. இங்கே மிச்சம் இருப்பது கெட்டில், ஒரு தட்டு, சில கோப்பைகள், இரண்டு நாற்காலி, நான். உட்காருங்கள் தம்பி. வக்கீல் ஆபீசிலிருந்து வந்தவரை நிற்க வைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். இந்த வீட்டை வாங்கியிருக்கும் ஜோசலினும் அவள் வீட்டாரும் பன்னிரண்டு மணியிலிருந்து வாசலில் லாரியோடு நிற்கிறார்கள். வாடகை வீட்டுச் சாவியைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'இந்த வீட்டில் வேறு யாரும் குடியில்லை' என்று நான் கையெழுத்துப் போட்டு, மூன்றரைக்குள் உங்கள் ஆபீஸ் சரி சொல்லிவிட்டால் சாவி கைமாறும். இல்லாவிட்டால் திங்கட்கிழமைதான். அதுவரை இரண்டு பெண் குழந்தைகளையும் ஒரு பூனையையும் வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

பதினொன்றே முக்காலுக்கு உங்கள் ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. இந்த வீட்டு மாடியறையில் கிரிம்ஷா என்று ஒருவர் குடியிருக்கிறார், முழங்கால் வலிக்காரர், கிளி வளர்க்கிறார், காலி பண்ண மாட்டேன் என்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. நீங்களும் வந்து மாடி ஏறிப் பார்த்தீர்கள். தூசு படிந்த ஒரு ஜன்னல் இருந்தது. கிளி இல்லை. இறங்கி வந்து நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"மிஸஸ் ஹோல்ராய்ட், எங்க ஆபீஸ் பழைய கோப்புல பார்த்தேன், இந்த கிரிம்ஷா ஆறாம் நம்பர்லயும் இருந்திருக்காரு. ரெண்டுலயும் இருந்திருக்காரு. எட்டுல ரெண்டு தடவை. எல்லாத்துலயும் அதே முழங்கால், அதே கிளி. இந்த முட்டுச்சந்துல இருக்கறதே எட்டு வீடு. ஒரு மனுஷன் எத்தனை வீட்டைத்தாங்க காலி பண்ண மாட்டேன்னு அடம்பிடிப்பாரு?"

கெட்டிக்காரப் பிள்ளை. நான் வீட்டுப் பத்திரங்கள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் முப்பத்தொரு வருஷம் காரியதரிசியாக இருந்தவள். பழைய கோப்பைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளை ஒன்றுகூட எங்களுக்கு வாய்த்ததில்லை. அதனால் உங்களிடம் ஒளிக்க மனம் வரவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் மூன்றாம் நம்பருக்கு ரிட்லி குடும்பம் வந்தது. அன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. எங்கேயோ ஒரு பாங்கில் பணம் சிக்கிக்கொண்டது. பதினோரு மணிக்கு வந்தவர்கள் நாலு மணிவரை தெருவில். சோபாவை நடைபாதையில் இறக்கிப் போட்டு, தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு தூறலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீயும் இஞ்சிக் கேக்கும் கொண்டுபோனேன்.

"தெய்வமா பார்த்து அனுப்பியிருக்கு உங்கள!" என்றார் ரிட்லி.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை நான் எதுக்குங்க காயறேன்?" என்றார் லாரி டிரைவர். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரிட்லியின் மனைவி தன் மாமியாரைப் பற்றிப் புருஷனிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னாள். சின்னப் பையன் என் மடியில் தூங்கினான். என் புருஷன் வால்டர் போன பிறகு அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. நாலு மணிக்குத் தரகர் சாவியோடு வந்தார். ஐந்தே நிமிஷத்தில் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் அவர்கள் என்னிடம் பேசியது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குட் மார்னிங். கெட்டவர்கள் இல்லை. வீட்டுக்குள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஏழாம் நம்பருக்கு வந்தவர்களுக்கு எல்லாம் நேரத்துக்கு நடந்துவிட்டது. நான் தட்டோடு வாசல் தாண்டுவதற்குள் அவர்கள் ஜன்னல்களுக்குத் திரையே போட்டுவிட்டார்கள். அந்தக் கேக்கை நான் ஒருத்தியாக ஐந்து நாள் தின்றேன்.

ஆறாம் நம்பர் விற்றபோது கொஞ்சம் கைகொடுத்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு, உங்களுக்கே தெரியும். காலி வீடு என்று நம்பி வாங்குகிறபோது உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று காதில் விழுந்துவிட்டால் எந்த வக்கீலும் அசையமாட்டார். விற்கிறவரின் வக்கீலைக் கூப்பிட வேண்டும். அவர் விற்கிறவரைக் கூப்பிட வேண்டும். விற்கிறவரோ நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பார். எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும்.

பெயர் கேட்டார்கள். கிரிம்ஷா என்று வாயில் வந்தது. பொய் நிற்பதற்கும் கால் வேண்டும் என்பதால் ஒரு முழங்கால் வலியைக் கொடுத்தேன். துணைக்கு ஒரு கிளியையும் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பெயரை மாற்றியிருக்க வேண்டும். அது என் தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகிய மனிதரை எப்படித் தூக்கி எறிவது? பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவருக்கு இன்றைக்கு முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க மாட்டார்களா? வீடு தேடி ஒரு வருஷம் அலைந்தவர்களுக்கு மூன்று மணி நேரம் என்ன பெரிய விஷயம்? அந்த மூன்று மணி நேரமும் சூடாக டீ இருந்தது, மழைக்கு என் குடை இருந்தது, குழந்தைகளுக்கு என் வீட்டுக் கழிப்பறை இருந்தது.

ஒரே ஒரு தடவை நேரம் தாண்டிவிட்டது. எட்டாம் நம்பர், இரண்டாவது தடவை. அதுவும் வெள்ளிக்கிழமை. வாங்க வந்தவர்கள் நாலு பேர், திங்கள்வரை என் வீட்டிலேயே தங்கினார்கள். ஒன்பது வேளை சமைத்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. ஆனால் அது ஐந்து வீட்டுச் சங்கிலி, தம்பி. இவர் நகர்ந்தால்தான் அவர் நகர முடியும். கடைசிக் கண்ணி கெண்டல் என்ற ஊரில் ஹேடோ என்று ஒரு பெரியவர். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை அவர் வாங்குவதாக இருந்தது. நாள் தவறியதும் அதை விற்க இருந்தவர் கோபித்துக்கொண்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஹேடோவின் சாமான்கள் ஐந்து மாதம் கிடங்கில். அவர் மகளின் சமையலறையில் மடக்குக் கட்டிலில். அங்கேதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. எட்டாம் நம்பர்க்காரிதான் வந்து சொன்னாள்.

அதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். என் பெயர் போடுவது சரியாகப் படவில்லை. கிரிம்ஷா என்று கையெழுத்துப் போட்டேன்.

இன்றைக்கு என் முறை. விற்கச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. படி ஏற முடியவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஐவி கூப்பிட்டாள், நானே கையெழுத்துப் போட்டேன். கடைசியாக ஒரு தடவை வாசலில் நாலு பேரை உட்கார வைத்து உபசரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் அந்த போன். பன்னிரண்டரைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

லாரியின் பின்பக்கத்தில் ஜோசலின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சின்ன காஸ் அடுப்பு. அதன் மேல் அவளுடைய கெட்டில். டிரைவர் கையில், புருஷன் கையில், குழந்தைகள் கையில், எல்லோர் கையிலும் கோப்பை.

"ஐயோ, நீங்க எதுக்குங்க இந்த முழங்காலோட சிரமப்படறீங்க! நாங்க போட்டுக் குடிச்சாச்சே!" என்றாள்.

பதினோரு வருஷத்தில் நான் நீட்டிய தட்டை ஒருவர் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, மறைக்கவில்லை. திங்கட்கிழமைவரை கிடக்கட்டும் என்றுகூட நினைத்தேன். உள்ளே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜோசலின். இரண்டு கையிலும் கோப்பை.

"உங்களுக்கும்தானே இன்னிக்கு வீடு மாத்தறது. நாங்களாச்சும் அஞ்சு பேரு இருக்கோம், பேசிச் சிரிச்சுக்கறோம். நீங்க காலி வீட்ல தனியா உக்காந்திருக்கீங்க. இந்தாங்க, குடிங்க."

"ரெண்டு கோப்பை எதுக்கும்மா?"

"ஒண்ணு மேல இருக்கறவருக்கு. கிரிம்ஷாவாமே, வக்கீல் சொன்னாரு. பாவம், எத்தனை வருஷம் இருந்த எடமோ. போறதுன்னா மனசு வருமா? அவரை யாரும் அவசரப்படுத்தாதீங்க. சக்கரை எத்தனை போடட்டும்?"

"ரெண்டு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் போட்டு, கலக்கி, மாடிப்படியின் முதல் படியில் வைத்துவிட்டுப் போனாள். மேலே பார்த்து, "ஆறிடப் போவுது, வந்து குடிங்க ஐயா" என்று குரலும் கொடுத்தாள்.

அந்த வீடுகளில் எல்லாம் அவர் இருப்பதாகச் சொன்னேனே, வெளியே இருந்தவர்களுக்கு டீ கொண்டுபோனேனே தவிர, மேலே இருந்தவருக்கு ஒரு வாய் தர வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை. ரொம்ப நேரம் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய் உட்கார்ந்து அதைக் குடித்தேன். எனக்குச் சர்க்கரையே ஆகாது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன், குடிக்கும்போது அழுதேன்.

ஆகவே உங்கள் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிரிம்ஷா என்று யாரும் இல்லை. ஐந்து போனும் செய்தது எட்னா ஹோல்ராய்ட். முழங்கால் வலி அவளுடையது. இந்த வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்: ஜோசலின் மாதிரி ஒரு பெண்ணை இனி ஒரு நிமிஷம்கூட அவள் காக்க வைக்க மாட்டாள்.

பேனாவை இப்படிக் கொடுங்கள். எங்கே போட வேண்டும், இங்கேயா? சரி. முதலில் இந்த டீயைக் குடித்துவிடுகிறேன், காகிதத்தில் சிந்திவிட்டால் செல்லாமல் போய்விடும். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மணி என்ன, மூன்றேகாலா? நான் எப்போதும் நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பேன், தம்பி.