வலிக்க வேண்டிய கை

அந்தச் சத்தத்துக்கா எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி, உக்காருங்க. உள்ள யாரும் சுவத்த ஒடைக்கல. திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரோட குதிகாலுக்கு வைத்தியம் நடக்குது. அடுத்து உங்க முழங்கை. ஷாக்வேவ்னு சொன்னதும் கரண்ட் வைப்பாங்கன்னு நெனச்சுட்டீங்க, இல்ல? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. போன மாசம் ஒரு அம்மா மோதிரம், வளையல், சாவிக்கொத்து எல்லாத்தையும் கழட்டிப் புருஷன் கைல குடுத்து, பிள்ளைங்களப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. கரண்டெல்லாம் கிடையாது. துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. அதுக்குள்ள காத்து அழுத்தத்துல ஒரு சின்னக் குண்டு முன்ன ஓடி முட்டும், பின்ன வரும், திரும்ப முட்டும். அந்த அதிர்வு தோல் வழியா உள்ள போகும். மரங்கொத்தியச் சம்பளத்துக்கு வச்ச மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

எதுக்கா? உங்க தசைநார் நைஞ்சு போயி, ஆறவும் இல்லாம, சரி இப்படியே இருந்துட்டுப் போவோம்னு விட்டுருச்சு. அத முட்டி முட்டி, இங்க ஒரு வேலை பாக்கி கெடக்குன்னு உடம்புக்கு ஞாபகப்படுத்தறாங்க. மொதல்ல இன்னும் கொஞ்சம் வலிக்கும். அப்புறம் மெதுவா சரியாகும். சில பேருக்கு ஆகறதில்ல, பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஆயிருச்சு. அதுதான் இப்ப பிரச்சனையே.

மெதுவாப் பேசுங்க, ரிசப்ஷன் பொண்ணுக்குப் பாம்புக் காது. ஆமா, சரியாயிருச்சு. நேத்து ஜாம் பாட்டில் மூடிய ஒரே திருகுல திறந்துட்டேன். ஆனா இன்னைக்குப் பெரிய டாக்டர் வந்து பாக்கற நாள். வலி இல்லன்னு தெரிஞ்சா சிரிச்சுக்கிட்டே, இனிமே நீங்க வர வேண்டாம்னுடுவாரு. நான் வந்தாகணும். அதனால உங்கள மாதிரி புதுசா, சுடச்சுட வலியோட ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தது என் அதிர்ஷ்டம். கோவிச்சுக்காதீங்க. வலி போனதும் அது எப்படி இருந்துச்சுங்கறதே மறந்து போகுது. பல்வலி போனவனக் கேட்டுப் பாருங்க, கவிதை மாதிரி என்னமோ சொல்லுவான். டாக்டர்கிட்ட அது செல்லாது.

நீங்க என்ன வேலை? நாய் குளிப்பாட்டற கடையா. அப்படிச் சொல்லுங்க. ஈரத் துண்டப் பிழியறீங்க, ஓடற நாயக் கழுத்துப் பட்டையோட இழுத்துப் பிடிக்கிறீங்க, வராம என்ன செய்யும். இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரு, டென்னிஸ் ஆடினதில்லையே? நானும் இல்ல. நான் காலேஜ் லைப்ரரில இருந்தேன். தலைக்கு மேல இருக்கற தட்டுல இருந்து தலகாணி கனத்துக்குச் சட்டப் புத்தகம், அத ஒரே கையால, விரல் நுனியால கிள்ளி இழுக்கறது. சர்வீஸ் பூரா அதுதான். டென்னிஸ் பத்தின புத்தகமும் அடுக்கியிருக்கேன், அது ரொம்ப இலேசு, அதால ஒண்ணும் ஆகல. இந்த வியாதிக்குப் பேர் வச்ச மனுஷன் துணி துவைக்கிறவங்க கைய ஒரு தடவ பாத்திருக்கலாம். கிளப்புல உக்காந்து வச்சிருப்பாரு போல. இதே வலி உள்பக்கம் வந்தா கோல்ஃப் எல்போவாம். அது இன்னும் கொஞ்சம் வசதியானவங்களுக்கு.

ஓய்வு குடுங்கன்னு சொன்னாங்களா? எனக்கும் சொன்னாங்க. வலது கைக்கு ஓய்வு குடுத்துட்டா பல்ல யாரு விளக்கறது. மத்த கையால விளக்கிப் பாத்தேன். பல்லத் தவிர எல்லா எடமும் வெள்ளையாச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். டம்ளரத் தூக்கும்போது வலிக்குதா, வச்சதுக்கு அப்புறமா? தூக்கும்போதே. வெளிப்பக்க எலும்புல ஆரம்பிச்சுக் கீழ இறங்குதா? மணிக்கட்டு வரைக்குமா. சுருக்குன்னா, எரியற மாதிரியா? குடைச்சல். ஆமா, குடைச்சல். அந்த வார்த்தையே மறந்துபோச்சு பாருங்க. கதவுப் பிடியத் திருப்பினா? அதுவுமா. நல்லது. நல்லதுன்னா உங்களுக்கு இல்ல.

என் வீட்டம்மாவும் இதுல கூட்டு. காலைல நான்பாட்டுக்குச் செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டேன். பின்னாடியே ஓடி வந்து, கைப்பட்டை இல்லாம எங்க போறீங்க, இன்னைக்கு உங்களுக்கு வலிக்கணும்லன்னு இந்தப் பட்டைய மாட்டி விட்டாங்க. வாசல்ல எதிர்வீட்டுக்காரர் வணக்கம்னாரு, நான் பட்டுன்னு வலது கையத் தூக்கிட்டேன். உள்ள இருந்து ஒரு இருமல் வந்துச்சு. சளி இருமல் இல்ல.

ஏன் இவ்ளோ பாடுன்னு கேக்கறீங்க. இங்க ஏசி நல்லாருக்கு. பேப்பர் ஓசி. அந்த மூலைல ஒரு எலும்புக்கூடு நிக்குது, அதுவும் நானும்தான் இங்க ரொம்ப நாள் ஆளு, ஒரு சிநேகிதம். நம்பலையா. எங்க நாய் கடிக்காதுன்னு சொல்றவங்களோட தெனமும் பழகற ஆளு நீங்க, உங்ககிட்டப் பொய் எடுபடாது.

உள்ள வைத்தியம் பாக்கறாங்கல்ல, நீலச் சட்டை, அவங்க கெட்டிக்காரங்க. கைய நீட்டுங்க சார், மணிக்கட்டத் தூக்குங்க சார், வலி பத்துக்கு எத்தனை சார். அவ்ளோதான் பேசுவாங்க. நான் ஆறுன்னுவேன். ஒரு நாள் ஆறரைன்னேன். அரையெல்லாம் கிடையாது சார்னாங்க. அன்னைக்கு ஒரு வரி கூடுதலாக் கெடச்சுது.

போன வாரந்தான் சொதப்பிட்டேன். படுத்து, கண்ண மூடிக்கிட்டு, இடது கைய நீட்டிட்டேன். வலிச்ச கை வலது. இடத நீட்டிட்டுப் பல்ல வேற கடிச்சுக்கிட்டேன். அவங்க பாத்தாங்க. அந்தக் கைலயே ஜெல்லத் தடவினாங்க, மெஷின் முனைய வச்சாங்க, ஆன் பண்ணல. ரொம்ப நேரம் அப்படியே கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நானும் பல்லக் கடிச்சது கடிச்சபடி கெடந்தேன். நடுவுல ஒரு தடவ ‘ஆ’ன்னு முனகினேன், ஒரு மரியாதைக்கு.

ஏன் ஆன் பண்ணலன்னு கேக்கறீங்களா? இருங்க, சொல்றேன். அப்புறம் ஜெல்லத் துடைச்சு விட்டா. துடைச்சுக்கிட்டே, என் மூஞ்சியப் பாக்காமச் சொல்றா, அடுத்த வாரம் பெரிய டாக்டர் நடுவிரல நீட்டச் சொல்லி மேல இருந்து அமுக்கிப் பாப்பாரு, முழங்கைலதான் வலிக்கணும், விரல்ல இல்ல, அதுவும் வலது கை, மறந்துடாதீங்கப்பான்னு.

ஆமா தம்பி, என் பொண்ணுதான். அவங்கம்மா தவறிப் போனதுக்கப்புறம், இத்தன வயசுல, நான் இந்த வீட்டம்மாவக் கட்டிக்கிட்டேன்ல. அன்னையிலருந்து பேச்சு இல்ல. எங்க தெருவுலயே ரெண்டு பிசியோதெரபி இருக்கு. நான் பஸ் மாறி இங்க வந்து பேர் பதிஞ்சேன்.

அதோ, குதிகால் வெளிய வந்துட்டாரு. உங்களுக்கு அடுத்தது நான். சீக்கிரம், அந்த நடுவிரல இப்படி நேரா நீட்டுங்க, பாக்கறவங்க என்ன வேணா நெனச்சுட்டுப் போகட்டும். நான் லேசா அமுக்கறேன். உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு ஒரு தடவ பாத்துக்கறேன்.