மணிக்கு ஒரு மிஸ்டு கால்

ஷட்டர் பாதியில் சிக்குகிறது. கடைக்காரர் அதன் விளிம்பில் ஏறி மிதிக்கிறார். முதல் குண்டு வெடித்துப் பத்து விநாடி ஆகவில்லை. சந்தில் ஓடுகிறார்கள். செருப்புச் சத்தம். ஒரு சைக்கிள் சாயும் சத்தம். "உள்ள வாங்க! குனிஞ்சு வாங்க!" ஷட்டருக்குக் கீழே இருந்த முழ உயர இடைவெளியில் ஒருவர் உருண்டு உள்ளே வருகிறார். வெள்ளைச் சட்டை. ஷட்டர் தரையைத் தொடுகிறது. காலை 11.42.

நேரம் குறிப்பது என் தொழில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உள்வரும் தபால் பதிவேடு என் பொறுப்பு. அப்போது வயது நாற்பத்தாறு. கைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். இங்கே தருகிற நேரங்கள் அந்த நோட்டில் உள்ளவை. நினைவிலிருந்து எழுதியவை அல்ல.

இடம், கல்கத்தா. பாலிகஞ்ச் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு சந்து. 2000-களின் நடுவில் ஒரு புதன்கிழமை. துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கில்கள் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றன. அன்று பந்த். பந்த் நடக்க வேண்டும் என்பவர்கள் சந்தின் ஒரு முனையில். நடக்கக் கூடாது என்பவர்கள் மறுமுனையில். இரண்டு பக்கமும் ஒரே பேட்டையில் வளர்ந்தவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எழுதினால் மற்ற கட்சி இதைப் படித்துச் சந்தோஷப்படும். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் தரமாட்டேன்.

இதைப் போர் என்று எந்த நாளேடும் சொல்லவில்லை. "மோதல்" என்றார்கள். சணல் சுற்றி, ஆணி நிரப்பிய நாட்டுக் குண்டு. இங்கே அதற்குப் பேட்டோ என்று பெயர். ஆறு மணி நேரத்துக்குள் பதினேழு எண்ணினேன். உள்ளே உட்கார்ந்து எண்ணியவளுக்கு வேறு சொல் தெரியவில்லை.

நான் காபிப் பொடி வாங்க வந்தேன். கால் கிலோ. பந்த் நாளில் அண்ணாச்சி தெரிந்தவர்களுக்காகப் பாதி ஷட்டர் திறந்து வைப்பார். திருநெல்வேலிக்காரர். அப்பளம், புளி, இட்லி அரிசி எல்லாம் அவரிடம்தான். வீட்டிலிருந்து எண்ணூறு அடி. வீட்டில் என் கணவர் ராஜகோபால் இருந்தார். சால்ட் லேக்கில் அவர் அலுவலகம். பஸ் ஓடாததால் அன்று போகவில்லை.

கடைக்குள் மூன்று பேர். அண்ணாச்சி. நான். உருண்டு வந்த கோஷ் பாபு. மூன்றாவது தெருவில் மாடி வீடு, கார் உள்ளவர். பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எலிப் புழுக்கையும் பெருங்காயமும் கலந்த வாசனை. இன்றும் என் சமையலில் பெருங்காயம் கிடையாது.

என் ஃபோனில் மூன்று கோடு. சாம்பல் நிறச் சின்ன ஃபோன், கறுப்பு எழுத்துத் திரை. முழுதாக இருந்தால் நான்கு கோடு காட்டும். பழைய பேட்டரி, சீக்கிரம் இறங்கும். 11.45-க்கு வீட்டுக்கு அடித்தேன். நெட்வொர்க் பிஸி. 11.52-க்கு மறுபடி. பிஸி. 12.05-க்குத் தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பல்பு அணைந்தது. பக்கத்திலிருந்த தொலைபேசிப் பெட்டியும் எரிந்திருக்க வேண்டும். அண்ணாச்சி கடை ஃபோனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தார். எங்கள் வீட்டு லேண்ட்லைனும் அதே பெட்டியில்தான்.

12.10. கோஷ் பாபு கை நீட்டுகிறார். தன் ஃபோன் காரில் இருக்கிறதாம். "திதி, ஒன் மினிட்." திதி என்றால் அக்கா. அக்கா என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொடுத்தேன். எனக்கு இரண்டு முறை கிடைக்காத லைன் அவருக்கு உடனே கிடைத்தது. மைத்துனரிடம் பேசினார். குண்டைப் பற்றி இரண்டு வாக்கியம். பிறகு மகள் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்த மீன். எத்தனை கிலோ இலிஷ், எத்தனை கிலோ ரோஹு, ஐஸ் யார் தருவது. நடுவில் ஒரு குண்டு வெடித்தது. "தாரோ, தாரோ," இரு இரு என்று மைத்துனரை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. மீனுக்குத் திரும்பினார். ஒன்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடுங்கவில்லை. மரியாதை. அந்த மரியாதையை நினைத்தால் இப்போது எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

ஃபோன் திரும்பி வந்தபோது ஒரு கோடு.

இங்கே என் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். பழுது இல்லை. நான் வைத்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க அப்படி வைத்திருந்தேன். ராஜகோபால் தன் ஃபோனை ரேடியோச் செய்தியோடு ஒத்துப் பார்த்து வைப்பவர். "உன் வாட்ச்ல மணியா, ஊர்ல மணியா?" என்று இருபத்திரண்டு வருஷம் கேலி செய்தார். நோட்டில் எழுதும்போது மட்டும் நான் ஐந்தைக் கழித்து எழுதுவேன். பதிவேடு பொய் சொல்லக் கூடாது.

12.21. ராஜகோபாலின் ஃபோனுக்கு லைன் கிடைத்தது. நாற்பது விநாடி.

"எங்க இருக்க?"

"அண்ணாச்சி கடையில. ஷட்டர் போட்டாச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. வராதீங்க. பேட்டரி ஒரே கோடு."

"எனக்கும் அதேதான். இங்க கரண்ட் போச்சு."

"கேளுங்க. ஃபோனை அணைச்சு வைக்கறேன். நீங்களும் அணைங்க. ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு நிமிஷம் ஆன் பண்ணுவேன். ஒரு மிஸ்டு கால் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. எடுக்க மாட்டேன்."

"சரிங்க, பதிவேட்டம்மா. மணின்னா உன் வாட்ச்ல..."

"பேசாதீங்க. பேட்டரி போகுது."

வைத்துவிட்டேன். வழக்கமான கேலி என்று நினைத்தேன்.

மிஸ்டு கால் எங்களுக்குப் புதிதல்ல. தினமும் சால்ட் லேக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ரிங் கொடுத்து வெட்டுவார். ஒரு ரிங், வந்து சேர்ந்தேன். இரண்டு ரிங், வர நேரமாகும். இந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் பேசிக்கொண்டன. ரிங் வராவிட்டால் என்ன பொருள் என்று எந்தக் குடும்பமும் பேசி வைத்ததில்லை. நாங்களும் பேசவில்லை.

மதியம் ஒரு மணி. என் கடிகாரம் 1.05 காட்டும்வரை காத்திருந்தேன். அவர் சரியான நேரம் வைத்திருப்பவர், அவர் நேரத்துக்கு நான் போக வேண்டும். ஃபோனை ஆன் செய்கிறேன். இரண்டு கைகள் சேரும் படம். வாழ்த்துப் பாட்டு. புடவைத் தலைப்பில் அமுக்குகிறேன். ஒரு நிமிடம். ரிங் இல்லை. நானே அடிக்கிறேன். ஸ்விட்ச்டு ஆஃப் என்கிறாள் பதிவு செய்த குரலில் ஒருத்தி, முதலில் வங்காளத்தில், பிறகு ஆங்கிலத்தில். 1.02. அணைத்தேன்.

இரண்டு மணி. அதேபோல. அதே குரல்.

இடையில் வெளியே அவர்களுடைய ஃபோன்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. சினிமாப் பாட்டு ரிங்டோன்கள். "முகுலைக் குழாயடிக்கு அனுப்பு." "சரக்கு இன்னும் ரெண்டு வாளி." "சாப்பாடு வந்துச்சா?" ஒருவன் யாரிடமோ கொஞ்சிக்கூடப் பேசினான். ஆறு மணி நேரமும் அவர்கள் பேட்டரி தீரவே இல்லை. இரண்டு மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள ஒரு கோடு இல்லை. குண்டுக்கு ஆள் பிரிக்க நான்கு கோடும் இருந்தது.

அண்ணாச்சி என் பேட்டரியைக் கழற்றி வேட்டியில் தேய்த்தார். "சூடு காட்டுனா கொஞ்சம் உசுரு வரும்க்கா." உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். கோஷ் பாபு அண்ணாச்சியின் முறுக்குப் பொட்டலத்தைக் கேட்காமல் பிரித்தார். கடித்துத் தின்னும் சத்தம். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். 2.35.

மூன்று மணி. ஆன் செய்கிறேன். கைகள் நீளுகின்றன. சேருவதற்குள் ஒரு பீப். திரை வெளுத்தது. முடிந்தது.

சந்தின் கிழக்கு முனையில் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். ஷட்டரின் ஓட்டைகள் வழியாகப் புகை வந்தது. ஈரச் சாக்கை மூக்கில் கட்டினோம்.

3.22. மிக அருகில் ஒரு குண்டு. பதினான்காவது. ஷட்டர் உள்வாங்கி அதிர்ந்தது. ஆணிகள் தகரத்தில் விழுந்த சத்தம், கைப்பிடி அரிசியை முறத்தில் வீசியதுபோல. "தொறக்காதிய! யாரும் தொறக்காதிய!" அண்ணாச்சி கத்தினார். நாங்கள் யாரும் திறக்கப் போகவில்லை. ஓடும் கால்கள். பிறகு நிசப்தம்.

3.55. இதை மெதுவாக எழுதுகிறேன். ஷட்டருக்கு வெளியே, குழாயடிப் பக்கம், ஒரு ஃபோன் ஆன் ஆகும் பாட்டு. என் ஃபோனில் வரும் அதே பாட்டு. அந்தக் காலத்தில் எல்லா ஃபோனிலும் அதே பாட்டுதான். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"அவனுவ ஃபோன்தான்க்கா. சத்தம் காட்டாதிய."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்ததாகச் சொன்னால் பொய். நோட்டை எடுத்து எழுதினேன். "3.55. வெளியே ஃபோன் ஆன் ஆகும் ஓசை." கையெழுத்து நன்றாக இருக்கிறது. நடுக்கம் இல்லை.

5.10. போலீஸ் வண்டி. ஒலிபெருக்கி. ஷட்டரை மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். கோஷ் பாபு சட்டையைத் தட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, ஃபோனில் ஒரு கால் பேசும் அளவுக்காவது சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். ஐஸ்காரர் காத்திருப்பாராம்.

நான் பதில் சொல்வதற்குள் குழாயடியைப் பார்த்துவிட்டேன்.

கடையிலிருந்து முப்பது அடி. ராஜகோபால் குழாய் மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது தொடையில் ஆணிகள். தொண்டையில் ஒன்று. அதனால் கூப்பிட முடியவில்லை. வலது கையில் ஃபோன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார் என்று அண்ணாச்சி சொல்கிறார். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை நான் பதிவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் 5.48-க்கு இறந்தார். தொடை ரத்தம்தான் காரணம் என்றார் டாக்டர். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் போலீஸ் அவருடைய ஃபோனைத் திருப்பித் தந்தது. சார்ஜ் போட்டுப் பார்த்தேன். டயல் செய்த எண்களின் பட்டியல். நான்கு முறையும் என் எண். 12.55. 1.55. 2.55. 3.55.

ஒவ்வொரு மணிக்கும் ஒன்றே ஒன்று. சொன்னபடி. என் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுவதை அவர் மறக்கவில்லை. என் மணிக்கு அவர் வந்தார். அவர் மணிக்கு நான் போனேன். நான்கு முறையும் அவருக்கு அதே பெண்குரல் கிடைத்திருக்கும். அன்று ஃபோனில் அவர் கேட்க வந்ததை நான் கேட்க விட்டிருந்தால் இன்னும் இரண்டு விநாடி ஆகியிருக்கும். மீனுக்கு ஒன்பது நிமிடம் கொடுத்தவள் நான்.

பக்கத்து வீட்டு மிதாலி பௌதி மிச்சத்தைச் சொன்னார். பௌதி என்றால் அண்ணி. மூன்றாவது முறையும் நான் கிடைக்காதபோது ராஜகோபால் மாடிக்குப் போய்ப் புகையைப் பார்த்தாராம். பிறகு பௌதி வீட்டுக் கதவைத் தட்டினாராம். பௌதியின் ஃபோனும் எங்கள் ஃபோனும் ஒரே மாடல். பௌதியிடம் சார்ஜ் போட்ட உபரி பேட்டரி ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டார். "இருங்கள் அண்ணா, போகாதீர்கள்" என்றாராம் பௌதி. "அவள் ஃபோன் செத்துப் போச்சு போலிருக்கு, கொடுத்துட்டு வந்துடறேன்" என்றாராம். 3.12.

கரியாஹாட்டில் ஃபோன் ரிப்பேர் செய்பவர் ஒருவரிடம் பின்னால் கேட்டேன். அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் டவரைத் தேடியே பேட்டரி தீரும், பேசாமல் சும்மா வைத்திருந்தால் சாயங்காலம்வரை நின்றிருக்கும் என்றார். குறித்துக்கொண்டேன்.

மறுவாரம் சந்தில் இரண்டு சுவரொட்டிகள். இரண்டு கட்சியும் அவரைத் தங்கள் தியாகி என்றன. ஒரே படம், அவருடைய வாக்காளர் அட்டையிலிருந்து எவனோ எடுத்தது. இரண்டையும் நகத்தால் சுரண்டினேன். பசை இரண்டிலும் ஒரே நாற்றம். அமைதிக் குழு ஒன்று இனிப்புப் பெட்டியோடு வந்தது. கோஷ் பாபு அதில் உறுப்பினர். பெட்டியைச் சாக்கடையில் போட்டேன், அவர்கள் படி இறங்குவதற்கு முன்பே.

இழந்தவை. அண்ணாச்சியின் வலது காதில் கேட்கும் திறன். கிழக்கு முனையில் நான்கு கடைகள். குழாயடிக்கு மறுபக்கம் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், குண்டு வைத்திருந்தவன், எந்தப் பக்கத்தவன் என்று நான் கேட்கவில்லை. கால் கிலோ காபிப் பொடி, எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. நான்கு மிஸ்டு கால்கள். ராஜகோபால், வயது நாற்பத்தொன்பது.

திரும்பக் கிடைத்தது ஒன்று. அவர் சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றி, ரத்தம் படாமல் இருந்தது. பௌதியின் பேட்டரி. என் ஃபோனில் போட்டுப் பார்த்தேன். கைகள் நீண்டன. சேர்ந்தன. நான்கு கோடு.