அணிலின் கை

"டீ வேண்டாம் சார். கோப்பை விளிம்புல யாரோ உதடு பட்ட தடம் இருக்கு."

"சரி, விடுங்க. அந்தப் பொண்ணு மேல அப்படி என்ன கோபம் வாத்தியாரே?" என்றார் விசாரணை அதிகாரி.

கோபமே இல்லை. இருபத்தொரு வருடங்களாகக் கைவினை வகுப்பு எடுக்கிறேன். ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இந்த முறை கொடுத்த வேலை, 'நான் யார் என்று சொல்லும் ஒரு பொருள்'. ஒருத்தன் கதவே இல்லாத அலமாரி செய்தான். ஒருத்தி தன் மூக்குக்கண்ணாடியைக் கம்பியில் வளைத்தாள். அணில் மட்டும் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து நகம் கடித்தாள்.

எந்நேரமும் கொறிப்பதால் வகுப்பே வைத்த பெயர் அது. நகம் தீர்ந்தால் ஓரத்துத் தோல். அந்த எச்சில் விரல்களால்தான் என் உளியை எடுப்பாள், அரத்தை எடுப்பாள். அவள் போனபின் ஒவ்வொரு பிடியையும் சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஈரம் போகும், நினைப்பு போகாது. மத்தியானச் சோற்றைத் தொடாமலே மூடிவைப்பேன்.

"என் கையையே அச்செடுக்கறேன் சார். அம்மாவோட தையல் கடையில காஜா எல்லாம் நான்தான் எடுக்கறேன். கைதான் சார் நான்," என்றாள்.

அந்தக் கையையா? சரி என்றேன்.

அச்செடுக்கும் பிளாஸ்டர் மாவு இறுகும்போது சூடேறும். வெறும் கையை உள்ளே விடக் கூடாது. என் கையெழுத்திலேயே சுவரில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அன்று அதன்மேல் என் மேலங்கி தொங்கியது. வேறு கொக்கி காலியாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது.

மற்ற பிள்ளைகள் நூலகத்தில் இருந்தார்கள். வாளியில் மாவைக் கெட்டியாகக் கரைத்து, மணிக்கட்டு வரை விடச் சொன்னேன்.

"கதகதன்னு இருக்கு சார்," என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், "சுடுது சார். கை வெளிய வரல சார்."

"அசைச்சா அச்சு கெட்டுடும்மா. பொறுத்துக்கோ."

சத்தம் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கதவைச் சாத்தினேன்.

நான்கு விரல்கள் தேறாது என்று மருத்துவர் சொன்னாராம். வருத்தம்தான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் விட்டது. உடைத்தெடுத்த அச்சை மறுநாள் ஒட்டி, ஒரு கையை வார்த்தேன். நகங்களை மட்டும் முழுசாக, சுத்தமாகச் செதுக்கினேன். இப்போதுதான் அது பார்க்கும்படி இருக்கிறது. அவளுக்கே பிடிக்கும்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திக் கையை மேசைமேல் வைத்தார். கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. ஓரத்தில் ஈரம்.

"தப்பா நினைக்காதீங்க சார். அந்தக் கையைக் கொஞ்சம் மேசைக்குக் கீழ வச்சுக்கிறீங்களா?"