முறுக்கு கடிக்கிற பல்

மும்பை சயானில் பல் டாக்டர் வாசல் பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒருத்தியும் அவள் மதினியும். தாராவியில் முறுக்கு சுட்டு விற்கிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"நான் கையத் தூக்கினா மிஷின நிறுத்தணும், இல்லேன்னா விரலக் கடிச்சுருவேன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டேன் மதினி."

"ஏட்டி, கடிக்கவா வந்தே? சீழ் வச்ச பல்லு. புடுங்கிப் போட்டா சோலி முடிஞ்சுது."

"புடுங்க விட மாட்டேன். ஒவ்வொரு ஈடும் இந்தப் பல்லால கடிச்சுப் பாத்துதான வெந்துட்டுன்னு சொல்லுதேன்? ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா பல்லு நிக்கும்னு டாக்டரே சொல்லுதாவ."

"போன தடவ ஊசியப் பாத்து எந்திச்சு ஓடியாந்தது ஆரு?"

"நாந்தான். இன்னைக்கும் பயந்தான். அதுக்காவ பல்ல விட்டுர முடியுமா?"

உள்ளே கூப்பிட்டார்கள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தவில்லை. மிஷின் சத்தம் கேட்டது, நின்றது. மறுபடி கேட்டது, மறுபடி நின்றது. மதினி எட்டிப் பார்த்தாள்.

"முடியலேன்னா வந்துருட்டி."

மரத்துப்போன வாயிலிருந்து குழறலாகப் பதில் வந்தது.

"வலிக்கல மதினி. சொன்னபடி நிறுத்துதாவளான்னு பாத்தேன். நிறுத்துதாவ. இனிமே அவுக வேலையப் பாக்கட்டும்."