சரியாக வந்த கணக்கு

ஜெர்மனியின் எசன் நகர டிராமில் எனக்கு முன்னால் இரண்டு ஈழத்துப் பெண்கள். இளையவள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள்.

"கணக்குச் சரியா வந்திட்டுது அக்கா. அதாலைதான் நான் கையெழுத்து வைக்கேல்லை."

"என்ன பிள்ளை விசர்க்கதை?"

"கட்சிக்காரற்றை காசு வைக்கிற கணக்கிலை நாற்பது யூரோ குறைஞ்சது. நான் தேட முந்தி செஃப், எங்கடை முதலாளி லோயர், சொல்லாமல் கொள்ளாமல் தன்ரை காசைப் போட்டு நிரப்பிட்டார்."

"நல்ல மனுசன்."

"அவற்றை காசு அங்கை கலக்கக்கூடாது. எந்தக் கட்சிக்காரற்றை காசு குறைஞ்சதெண்டு இனி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கணக்குத் தணிக்கையாளராகப் பணியில் இருந்தபோது இதை விளக்க எனக்கு அரைநாள் கருத்தரங்கு தேவைப்பட்டது.

"உன்னை வேலையாலை நிப்பாட்டினால்?"

"எனக்கு வேறை கந்தோரிலை வேலை கிடைக்கும். லோயர் லைசன்ஸ் போனால் அவர் எங்கை போறது?"

இளையவளின் கைப்பேசி ஒலித்தது. "செஃப்தான்," என்றவள், வணக்கம்கூடச் சொல்லாமல் ஜெர்மனில் கேட்டாள்: "உங்கள் பணத்தை வெளியே எடுத்துவிட்டீர்களா?"