ஒத்திகைக்கு வந்த நூலகர்

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். கையிலிருக்கும் காகிதம் படபடப்பதைப் பார்த்து, என் கைதான் நடுங்குகிறது என்று யாராவது நினைத்துவிடக் கூடாது.

இருபத்தாறு வருடமாக என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி, "போலீஸ் கேட்டா வாயைத் திறக்காதீங்க" என்பது. காலையிலிருந்து நானே நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். பயம் வந்தால் சட்டமெல்லாம் மறந்துபோகிறது. வாய் மட்டும் வேலை செய்கிறது.

வழக்குப் பதிவாவதற்கு முன்பே வழக்கை முடித்துவைப்பது என் தொழில். பாலியல் புகார் வரப்போகிறது என்று தெரிந்தால் பெரிய மனிதர்கள் முதலில் மயங்கி விழுவார்கள், எழுந்ததும் எனக்குப் போன் செய்வார்கள். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். ஒத்திகை என்று பெயர். புகார் கொடுக்க இருக்கும் பெண்ணை வீட்டாரோடு, சமரசம் பேசிப் பார்க்கலாமென்று அழைப்பேன். குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். "கோர்ட்டுல இதையெல்லாம் கேப்பாங்கம்மா. இங்கயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துடுங்க" என்று நாற்பத்தொரு கேள்விகளை வாசிப்பேன். என்ன உடுத்தியிருந்தாய், ஏன் கத்தவில்லை, மறுநாள் ஏன் வணக்கம் வைத்தாய். குரலை உயர்த்தியதே கிடையாது. பெரும்பாலும் பன்னிரண்டாவது கேள்வியில் அப்பா எழுந்துவிடுவார். "போதும் சார், நாங்க போறோம்."

பதினேழு பெண்கள் வந்தார்கள். ஒருத்திகூடப் புகார் கொடுக்கவில்லை. இதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசினேன். 'மனிதாபிமான அணுகுமுறை' என்பது தலைப்பு. கேடயம் கொடுத்தார்கள்.

பதினெட்டாவதாக வந்தவள் ஒரு நூலகர். அவள் வேலை பார்த்த கல்லூரியின் தாளாளர் என் கட்சிக்காரர். 'கல்விச் சுடர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்; அவருடைய கல்லூரி அவருக்கே கொடுத்த பட்டம். என் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

"என் பேரு என்னாகறது வக்கீல் சார்? சிலை வைக்கறதா இருந்தது."

"யாரு வைக்கறாங்க?"

"நான்தான்."

நேற்று மதியம் அவள் அக்காவோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்களில் ரத்தமே இல்லை. பத்துக் கேள்விகூடத் தாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு அவர் எத்தனை மணிக்கு லைப்ரரிக்குள்ள வந்தாரு?"

"நாலு பத்து சார். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிதான் ஒரு புத்தகத்தைத் திருப்பி வாங்கிப் பதிஞ்சேன். நேரம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"ஏன் கத்தலை?"

"கத்தினேன் சார். அலமாரி வரிசைக்குள்ள சத்தம் வெளிய போகாது."

நாற்பத்தொன்றும் முடிந்தது. பாதிக் கேள்விகளுக்கு அழுதாள். ஆனால் ஒன்றையும் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் இருக்கா சார்?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா."

"அப்ப நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேன். இப்ப கொஞ்சம் தைரியமா இருக்கு. ரொம்ப தேங்க்ஸ் சார்."

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். தாளாளருக்காக இல்லை. ஒருத்தி போய் நின்றால் மற்ற பதினேழு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களை யார் வீட்டுக்கு அனுப்பியது என்ற கேள்வி வரும். இருபத்தாறு வருடம் இப்படி ஒரு கைப்பைக்காரியிடம் கவிழ்வதா?

தாளாளர் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன். "அவ நாளைக்குப் போகக்கூடாது. எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். இந்த வாக்கியத்தைக் காலையில் உங்களிடம் சொல்ல விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து, "ஒரு குறை இருக்கும்மா. கோர்ட்டுல அவரும் எதிர்ல நிப்பாரு. அதையும் பழகிக்கணும்" என்றேன். அக்காவிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, கீழே கடையில் நகலெடுக்க அனுப்பினேன்.

"நீ தனியா இருப்பியாடி?"

"சார் இருக்காருல்ல. நீ போயிட்டு சீக்கிரம் வாக்கா."

தாளாளர் உள்ளே போனார். நான் வெளியே வந்தேன். கதவு காற்றில் தானாக மூடிக்கொண்டது என்று காலையில் சொன்னேன் இல்லையா, அதைத் திருத்திக்கொள்கிறேன். சாத்தியது நான். வெளித்தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான்.

முதலில் நாற்காலி விழுந்த சத்தம். பிறகு கதவைத் தட்டும் சத்தம். டைப்பிஸ்ட் அம்மா தலையை நிமிர்த்தினார். பதினொரு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறவர்.

"சார், உள்ள இருந்து தட்டறாங்க."

"ஒத்திகை நடக்குதும்மா. நீங்க டைப் அடிங்க."

"அழுற மாதிரி கேக்குது சார்."

"தத்ரூபமா இருக்கணும்ல."

அவர் எழுந்து வந்தார். நான் கதவுக்கு முன்னால் நின்றேன். "இத்தனை வருஷம் உங்க கேள்வியெல்லாம் இந்தக் கையாலதான் அடிச்சேன். நகருய்யா" என்றார். என்னை அதுவரை 'யா' போட்டுப் பேசியதில்லை. தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். உங்களுக்குப் போன் செய்தவரும் அவர்தான். கதவு திறப்பதற்குள் எட்டு நிமிடம் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால் சரியாகச் சொல்ல முடிகிறது.

இன்று காலை கையில் கட்டோடு வந்து புகார் கொடுத்தாளாமே. நாலு மணி நேரம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாளாம். சொல்லுவாள். அந்தப் பதினேழு பேருக்கும் நீங்கள் ஆள் அனுப்பியிருப்பதையும் வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து, நீங்கள் குடிக்கக் கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தபோது அவள் அக்காவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். "சார், சார்" என்று, எட்டு நிமிடமும். அந்த நிலைமையிலும் மரியாதை குறையவில்லை. என்மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.