நடுங்காத குரல்

இல்லப்பா டிமோன், கை நடுங்கினா தப்பில்ல. குரல்தான் நடுங்கக் கூடாது. மைக்கோட சிவப்பு லைட் அணைஞ்சிருக்கு, தாராளமா பேசு. அவைக்கு இடைவேளை.

முதல் நாளே இந்தக் கண்ணாடிக் கூண்டு மூச்சு முட்டுதா? முட்டும். எனக்கு இன்னும் முட்டுது. கீழ சபையில உறுப்பினர்கள் பேசுறதை நாம உடனுக்குடன் போலிஷ் மொழியில மாத்திச் சொல்றோம், அவ்வளவுதான் வேலை. ஆனா அவர் சொல்றார், இவர் சொல்றார்ங்கிற பேச்சே கிடையாது. நான்னுதான் சொல்லணும். அவர் திட்டினா நீயும் திட்டணும். அழுதா... அழாதே, மைக் கெட்டுடும். சிரிப்பா, சும்மா சொன்னேன்.

மனித மாண்பு, சுதந்திரம், சமத்துவம்... ஐரோப்பிய ஒன்றியத்தோட இந்த வரி தினம் வரும். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லிடுவேன். சொல்றப்ப சந்தோஷமாவும் இருக்கும், பொய் சொல்லல. போன வாரம் மஞ்சள் டை கட்டுற ஒரு உறுப்பினரும் அதுலதான் ஆரம்பிச்சார். அப்புறம் போலந்து-பெலாரஸ் எல்லை வாசலை மூடணும்னார். நானும் சொன்னேன், மூடுங்கள், அங்கிருந்து ஒருவரும் வர வேண்டாம்னு. அழகா வந்துச்சு. பக்கத்துக் கூண்டுல கட்டைவிரல் காட்டினாங்க.

அம்மாவா? எல்லைக்கு அந்தப் பக்கம்தான், பெலாரஸ்ல குரோத்னோ ஊர்ல. போலிஷ் தெரியும், ஆனா சபை அரசியல் ஒண்ணும் அவங்களுக்குப் பிடிபடாது, என் குரலுக்காக நெட்ல போட்டுட்டு உட்காருவாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வழிதப்பி வர்றவங்களுக்குன்னு ஒரு தட்டு சும்மா வைப்போமே, உங்க வீட்டுலயும்தானே? இந்த வருஷம் என் வீட்டுல அந்த இடம் தனக்குத்தான்னு அம்மா பெட்டியெல்லாம் கட்டிட்டாங்க.

ம்ஹூம், நான் மூடுங்கள்னு சொன்னதைக் கேட்டதைப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அம்மாவோட பக்கத்து வீட்டு வான்டா அக்கா சொல்லித்தான் தெரியும். அன்னைக்கே பெட்டியைப் பிரிச்சுட்டாங்களாம். இது என் வேலைன்னு தெரியாதா? நல்லாத் தெரியும். வார்த்தை அவளோடது இல்லடி, ஆனா குரல் கொஞ்சங்கூட நடுங்கலையேன்னாங்களாம்.

வான்டா அக்கா ஒண்ணை ஒம்பதாக்குற ஆளு. அதான் காலையில பஸ் ஆபீசுக்கு போன் போட்டேன். நாளைக்குத்தான் அங்கிருந்து கடைசி பஸ், அதோட எல்லை வாசலை மூடுறாங்க. அம்மா டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டாங்க. நிஜம்தான்.

இன்னைக்கும் கேட்டுட்டுத்தான் இருப்பாங்க. கொஞ்சம் நடுங்கித்தான் பேசேன்கிறியா? பாத்ரூம்ல நின்னு பேசிப் பார்த்துட்டேன்பா. வரமாட்டேங்குது.

லைட் வந்துடுச்சு. மஞ்சள் டைதான். நீ பேசுறியா? வேண்டாம், உனக்கு முதல் நாள். தள்ளு.

தலைவர் அவர்களே, வாசல் மூடப்படுவதில் நான் மிகவும் மகிழ்ச்சி அடைகிறேன்.